வேப்பிலையும் ஏழாம் வாய்ப்பாடும்

எனக்கு மந்திரம் தெரியாது.

விஷக்கடிக்கு மந்திரிப்பவன் என்று ஊரே என்னைத் தேடி வருகிறதே... பதினான்கு ஆண்டுகளாக நான் அவர்களை ஏமாற்றி வருகிறேன். என் மனைவிக்குக்கூட இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மந்திரம் தெரிந்தவர் என் அப்பா. வருகிற கிரகணத்தன்று சொல்லித் தருகிறேன் என்றார். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம்கூட முடியவில்லை, குளவி கொட்டிய கையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"அப்பா இல்லன்னா என்ன தம்பி, நீ இருக்கியே" என்று கையை நீட்டினார்.

நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வேப்பிலைக் கொத்தை எடுத்தேன், உதட்டை அசைத்தேன். உள்ளுக்குள் என்ன சொன்னேன் தெரியுமா? ஏழாம் வாய்ப்பாடு! ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான்.

அவருக்கு வலி குறைந்தது. பெரும்பாலும் அது தானாகவே குறையும் என்று பிறகுதான் புரிந்தது. புரிந்தும்... நான் விடவில்லை. எங்கு போனாலும் ஓரமாக நிற்கும் என்னை "வாங்கண்ணே" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தது அந்த வேப்பிலை மட்டும்தான்.

போன சம்பாவில் களையெடுக்கும்போது மல்லிகாவைக் கதண்டு கடித்தது. வாய்க்கால் கரைப் பனைமரத்தில் கூடு கட்டியிருந்த பெரிய விஷ வண்டு. கழுத்தில் இரண்டு கடி. புருஷன் முருகையன் அவளை நேராக என்னிடம் அழைத்து வந்தான். கூடவே அவள் தங்கையும் ஓடி வந்தாள்.

ஏழேழ் நாற்பத்தொன்பது... கண்ணைத் திறந்தேன். மல்லிகாவின் கை, முகம் எல்லாம் தடித்திருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"அண்ணே, தொண்டை அடைக்குது..."

அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"மாமா, ஆட்டோவக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!" என்றாள் தங்கை.

"பாதியில எழுந்தா விஷம் தலைக்கு ஏறிடும். அண்ணன் முடிக்கட்டும், இரு" என்றான் முருகையன்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். 'போங்க' என்ற ஒரு சொல் போதும்! ஆனால் அப்புறம் கேட்பார்களே, இத்தனை நாள் என்னதான் செய்தாய் என்று... நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓரேழ் ஏழு என்று மறுபடியும் தொடங்கினேன்.

பயமா, வெட்கமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

மூன்றாம் முறை சொல்லும்போது மல்லிகா சரிந்தாள். யாரையும் கேட்காமல் அவளை ஆட்டோவில் இழுத்துப் போட்டவள் அந்தத் தங்கைதான்.

ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். சிலர் உடம்புக்கு இந்த விஷம் ஆகவே ஆகாதாம். மறுபடி கடித்தால் இன்னும் மோசமாகலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

நாலாம் நாள் மல்லிகாவும் முருகையனும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள்.

"ஊசி போடுற வரைக்கும் உசுரப் பிடிச்சு வச்சது உங்க மந்திரம்தாண்ணே. இனிமே எது கடிச்சாலும் முதல்ல இங்கதான்" என்றாள் மல்லிகா. குரல் இன்னும் கரகரத்தது.

சொல்லிவிடத்தான் எழுந்தேன், சத்தியமாக! "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடு" என்றேன்.

முருகையன் சிரித்தான். "அண்ணனோட அடக்கத்தப் பாரேன்! தெரிஞ்சவங்க என்னைக்குத் தெரியும்னு சொல்லியிருக்காங்க?"

அவளும் சிரித்தாள்.

வாய்ப்பாடு என்று சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

பனைமரத்துக் கூட்டைத் தீயணைப்புக்காரர்கள் வந்து அழித்துவிட்டார்கள். ஆனால் ஒரு கூடுதானா இருக்கிறது இந்த ஊரில்? இப்போது குறுவை நடவு நடக்கிறது. மல்லிகாவும் வயலில்தான் இருக்கிறாள்.

அங்கே யாராவது சத்தம் போட்டால் போதும், வாசலுக்கு ஓடுகிறேன். அவள் எந்தப் பக்கம் ஓடி வருகிறாள் என்று பார்க்கிறேன்... ஆட்டோ நிற்கும் சாலைக்கா, என் வீட்டுக்கா.