குளிசை நிப்பாட்டின பிறகு

சோதினைக்கு ரத்தம் குடுத்திட்டு வந்தால் எனக்கு ஓரிடத்திலை இருக்கேலாது. அது கொழும்புக்குப் போய் மறுமொழி வருமட்டும் கூட்டின முத்தத்தையே திருப்பிக் கூட்டிக்கொண்டு நிப்பன். இவர் மெல்லமா றோட்டுப் பக்கம் போயிடுவார். கதை குடுத்தால் பேச்சு வாங்க வேணும் எண்டு மனுசனுக்குத் தெரியும்.

கலியாணம் கட்டி அடுத்த வருசந்தான் எனக்கு ரத்தப் புற்றுநோய் எண்டு தெரிஞ்சது. காய்ச்சலெண்டு சோதிக்கப் போக, வெள்ளைக் கலங்கள் கண்டபாட்டுக்குக் கூடிக் கிடந்தது. கரவெட்டியிலை வீட்டுக்குள்ளை உடனை விசாரணை தொடங்கியிட்டுது: உது ஆரின்ரை பக்கத்தாலை வந்தது? மாமி எங்கடை பகுதியிலை செத்த ஆக்களை ஒவ்வொண்டா விசாரிச்சா. அம்மா லேசுப்பட்ட ஆளே? அப்பாவின்ரை பகுதியைக் காட்டிவிட்டா.

தெல்லிப்பழைக் கிளினிக்கிலை டொக்டர் ரெண்டு கோடு கீறி விளங்கப்படுத்தினா. "இது ஒருதற்றை பக்கத்தாலையும் வரேல்லை. உங்கடை எலும்பு மச்சையிலை ஒரேயொரு கலம் பிழைச்சுப்போச்சு. அதிலை குரோமோசோம் எண்டுற நிறமூர்த்தங்களிலை ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் உடைஞ்சு, துண்டுகளை மாத்தி ஒட்டிப்போட்டுதுகள்." எங்கடை ஆக்கள் மாத்துச் சம்பந்தம் செய்யிறமாதிரி எண்டு விளங்கிச்சுது. ஒட்டின இடத்திலை உண்டான புதுப் பரம்பரையலகு, அதாவது ஜீன், பெருகு பெருகு எண்டு கலத்தை ஏவிக்கொண்டே இருக்குமாம். தான் தாற குளிசை அந்த ஏவலைத் தடுக்குமாம். பிறக்கிற பிள்ளைக்கு என்னாலை இந்த வருத்தம் வராது எண்டும் சொன்னா.

ஆனால் அந்தக் குளிசை வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. அதாலை வருசக்கணக்காப் பிள்ளை எண்ட கதையையே நாங்கள் எடுக்கேல்லை. பழுதான அந்த ஒட்டின்ரை அடையாளம் சோதினையளிலை கனகாலமாத் தெரியாமல் இருந்த பிறகுதான் பிள்ளைக்காண்டிக் குளிசையை நிப்பாட்ட டொக்டர் விட்டா. மாதாமாதம் ரத்தம் சோதிக்க வேணும் எண்டு கண்டிப்பாச் சொன்னா.

இப்ப எனக்கு நாலாம் மாதம். போன கிழமை டொக்டர் போன் எடுத்தா. அடையாளம் திரும்பத் தெரியுதாம், ஆனால் நல்லாக் கொஞ்சமாத்தான். "உடனை பயப்பிட ஒண்டுமில்லை, பொறுத்துப் பாப்பம். ஏறிக்கொண்டு போனால் இருந்து கதைக்க வேணும்" எண்டா.

பக்கத்திலை நிண்டு கேட்ட இவர், நான் போனை வைக்கேக்குள்ளையே, "குளிசையைத் தொடங்கு. எனக்குப் பிள்ளை வேண்டாம். நீ இருந்தால் காணும்" எண்டார்.

எனக்கு வந்துதே ஒரு கோவம். அன்பாலைதான் சொல்லுறார் எண்டு தெரியும். தெரிஞ்சதாலைதான் இன்னும் கூடிச்சுது. "உங்களுக்குக் காணும். எனக்குக் காணாது. எனக்கு உயிரும் வேணும், பிள்ளையும் வேணும்" எண்டு கத்திப்போட்டு, குசினிக்குள்ளை போய் அழுதன். அவர் பின்னாலை வந்து நிண்டார். பயமாக் கிடக்கு எண்டு நான்தான் முதல் சொன்னன். தனக்கும் எண்டார்.

பிறகு அலுமாரியிலை கிடந்த குளிசைப் பெட்டியை எடுத்து அவரின்ரை கையிலை குடுத்தன்.

"இதை நீங்கள் வச்சிருங்கோ. டொக்டர் போடச் சொன்னால், மாட்டன் எண்டு நான் அடம்பிடிப்பன். அண்டைக்கு நீங்கள்தான் தர வேணும்."