சிப்பியா, புளியங்கொட்டையா: கதிரவெளிப் பக்கம் நான் பாத்த வாக்கெடுப்பு

நான் பிறந்தது எண்பத்தேழில. அந்த வருசம்தான் இந்தியாவோட ஒப்பந்தம் ஒண்டு போட்டு வடக்கையும் கிழக்கையும் சேத்தாங்க. மறுகா கிழக்குச் சனத்திட்ட வாக்கெடுப்பு வைச்சு, சேந்திரிக்கிறீங்களா பிரியிறீங்களா எண்டு கேப்பம் எண்டும் அதில எழுதினாங்க. நான் தவண்டன், நடந்தன், பள்ளிக்குடம் போனன், ஏ.எல். படிப்பை நடுவில விட்டுட்டு வெளிய வந்தன். வாக்கெடுப்பு வரவே இல்ல. வருசா வருசம் தள்ளித் தள்ளி வைச்சாங்க. 2006 கடைசியில இணைப்பு செல்லாதெண்டு கோர்ட்டு சொல்லிச்சு, அடுத்த வருசம் பிரிச்சும் போட்டாங்க. சேக்கேக்கயும் எங்களிட்டக் கேக்கல்ல, பிரிக்கேக்கயும் கேக்கல்ல. நான் ஓம் எண்டிரிப்பனா இல்லையெண்டிரிப்பனா எண்டது வேற கதை. ஒருக்காக் கேளுங்களன் எண்டுதான் எனக்கு விசர்.

அதால, 2008 ஆவணியில என்ட மச்சான் சுதன் போன் எடுத்து, "டேய், எங்கட ஊர்ல ஞாயிற்றுக்கிழம வாக்கெடுப்பு, வாறியா?" எண்டு கேட்டோடன பையைத் தூக்கிட்டன்.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டன். கதிரவெளிக்குக் கொஞ்சம் இங்கால எண்டு வைச்சுக்கங்க. சுனாமிக்கு முதல் அது ஒரே ஊர். கடல் அடிச்ச பிறகு பாதிச் சனம் பழைய இடத்திலயே குடிசையைப் போட்டுது, அது "கரை". மற்றப் பாதிக்கு மூண்டு கிலோமீட்டர் உள்ளுக்க கல்வீடு கட்டிக் குடுத்தாங்க, அது "திட்டம்". இடையில சண்டை வந்து ரெண்டு பகுதியும் அகதியா ஓடி, போன வருசம்தான் திரும்பி வந்தது. இவ்வளவுக்கும் மீனவர் சங்கம் மட்டும் ஒண்டுதான். அது கரையில இரிக்கு, தலைவரும் கரை ஆள்.

இதில என்ன பிரச்சினை எண்டா, கடலுக்குப் போறதுக்குப் பாஸ் வேணும். பாஸுக்குச் சங்கத்துக் கடிதம் வேணும். விடியச் சங்கக் கொட்டிலில கடிதம் குடுப்பாங்க, கரைத் தோணிக்கு முதல், திட்டத்துத் தோணிக்குக் கடைசி. வெயில் ஏறின பிறகு வலை போட்டா என்னத்த வரும்? சுதன் கூலிக்குப் போற தோணி தவமணி அக்காட. புருசன் கடலுக்குப் போவார், மீனை விக்கிறது அவ. மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் கடைசித் தோணி அவடதான். இப்பிடியே போனா தோணியை விக்கிறதத் தவிர வேற வழியில்ல. அதால திட்டத்துச் சனம் கேட்டுது: "எங்களுக்குத் தனிச் சங்கம் தாங்க. இல்லாட்டி வாக்கெடுப்பு வைங்க."

இனிப் பயணம். மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில வெள்ளண அஞ்சேமுக்காலுக்கு வாழைச்சேனை பஸ். முப்பத்திரண்டு கிலோமீட்டர், நாப்பத்தஞ்சு ரூபா, ஒண்டேகால் மணித்தியாலம். இடப்பக்கம் இரிந்தீங்கெண்டா அறுவடை முடிஞ்ச வயல் வட்டை முழுக்கத் தெரியும், வலப்பக்கம் இரிந்தா வெயில்தான் மிஞ்சும்.

எனக்குப் பக்கத்தில காத்தான்குடி முஸ்லிம் நாநா ஒருத்தர், மடியில ஒரு சாரன் பொதி. எங்க போறாய் எண்டு கேட்டார், சொன்னன். வாக்கெடுப்பெண்டோடன சிரிச்சார்.

"தம்பி, நீங்க வாக்கெடுப்பு வாக்கெடுப்பெண்டு பறையிறீங்க. அப்பிடி ஒண்டு வந்தா எங்கட ஆக்களயும் கேப்பீங்களா?"

"கேக்கத்தானே வேணும் நாநா."

"இப்ப சொல்லுவீங்க. ஆரைக் கேக்கிறெண்டு முதல்ல முடிவெடுங்க, பிறகு என்னத்தக் கேக்கிறெண்டு பாப்பம்."

அந்தாள் ஓட்டமாவடியில இறங்கிறதா இரிந்தார். வாழைச்சேனையில மாறி ஏறின வாகரை பஸ்ஸிலயும் ஒண்டாப் போய், இறங்கேக்க என்ட தோளில தட்டிட்டுப் போனார். அந்தக் கதை எவ்வளவு பெரிசெண்டு ஊருக்குப் போன பிறகுதான் விளங்கிச்சு.

அந்த வாகரை பஸ் ஏழரைக்கு, அறுபது ரூபா. பாசிக்குடாக்குத் திரும்பிற சந்தியைக் கண்டு ஆசைப்பட வேணாம், அங்க இப்போதைக்கு இடிஞ்ச சுவரும் இடுப்பளவு தண்ணியும்தான். மாங்கேணி ஆமிச் சோதனையில எல்லாரும் இறங்கி நடக்க வேணும், ஐடென்டி கார்டு காட்ட வேணும், பையைத் திறக்க வேணும். இருவத்தஞ்சு நிமிசம் போச்சு. அவடத்த நிண்ட ஆமிக்காரன் தமிழில கேட்டான், "எங்க போறது?"

"ஓட்டுப் போடுற இடத்துக்கு."

"தேர்தல் முடிஞ்சுதானே?"

"இது மீன்காரர்ட தேர்தல்."

"மீன் வெல்லுமா?" எண்டுட்டுப் பையைத் தந்தான். சத்தியமா நடந்தது.

பனிச்சங்கேணிப் பாலத்தில பஸ் ஊர்ந்துதான் போகும். ரெண்டு பக்கமும் வாவித் தண்ணி, உப்புத்தண்ணியில நிக்கிற கண்ணாப் பத்தை, கொக்கு. அதைப் பாக்கவெண்டே வரலாம். பத்து மணிக்கு இறங்கினன். சுதன் சைக்கிளோட நிண்டான்.

"சுணங்கிட்டாய்டா. தலைவர் புதுச் சட்டம் கொண்டந்திட்டார். எனக்கு ஓட்டில்ல!"

சைக்கிள் மிதிச்சுக்கொண்டே கதையைச் சொன்னான். திட்டத்துக்காரர், நாங்க பிரியிறதெண்டா நாங்க மட்டும்தானே ஓட்டுப் போட வேணும் எண்டிரிக்காங்க. தலைவர், சங்கம் எல்லாருக்கும் பொது, கரையும் போட வேணும் எண்டிரிக்கார். கரையில அம்பத்திரண்டு வீடு, திட்டத்தில நாப்பத்தொரு வீடு. அதோட விடாம, கல்யாணம் முடிக்காத பொடியன்மார்தான் திட்டத்தில கூடக் கத்திறாங்க எண்டு அவங்களை வெட்டிறதுக்காக, "வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு ஆர்ட பேரில இரிக்கோ அவர் வந்து போடட்டும்" எண்டு எழுதி ஒட்டிட்டார்.

"அப்ப தோத்திட்டீங்க," எண்டன். நாநா சொன்ன மாதிரி, ஆரைக் கேக்கிறெண்டதிலயே ஆட்டம் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

சுதன் சைக்கிளை நிப்பாட்டிச் சிரிச்சான். "டேய் மட்டக்களப்பான், உன்ட வீடு ஆர்ட பேரில?"

அம்மாட பேரில. அம்மாவுக்கு அவட அம்மா குடுத்தது, நாளைக்கு என்ட தங்கச்சிக்கு. எங்கட பக்கத்தில வீடுவளவு பொம்பிளப் புள்ளைக்குத்தான், ஆம்பிளை கல்யாணம் முடிச்சுப் பொஞ்சாதிட வீட்டுக்குப் போறவன். திட்டத்துக் கல்வீட்டையும் புருசன்ட பேரில எழுதப் பாத்தாங்களாம், பொம்பிளையள் விடல்ல. தலைவர் பொடியன்மாரை வெட்டிற அவசரத்தில, ஆம்பிளையள் முழுப்பேரையும், தன்னையும் சேத்து, வெட்டிட்டார்.

சங்கக் கொட்டிலுக்குப் போனா தொண்ணூறு பொம்பிளையள் குந்தி இரிக்காங்க. வேலி ஓரம் ஆம்பிளையள். தலைவர் ஒட்டின கடுதாசியை திரும்பத் திரும்ப வாசிக்கிறார்.

"நான் சொன்னது வீட்டுத் தலைவரை," எண்டார்.

தவமணி அக்கா எழும்பினா. கட்டையான ஆள், குரல் மட்டும் லவுட்ஸ்பீக்கர். "அத்தான், எழுதினது உங்கட கை, ஒட்டினது உங்கட பசை. நீங்க இரிக்கிற வீடு ஆர்ட?"

சனம் வெடிச்சுச் சிரிச்சுது. ஏனெண்டா தலைவர்ட பொஞ்சாதி ராசம்மா அக்கா, தவமணி அக்காட கூடப் பிறந்த மூத்தவ. தலைவர் வெளியூரில இரிந்து கல்யாணம் முடிச்சு வந்தவர். அவர் இரிக்கிற வீடு ராசம்மா அக்காட. அவ முன்வரிசையில, முகத்தில ஒண்டும் காட்டாம வெத்திலை போட்டுக்கொண்டு இரிந்தா. பாத்துக்கொண்டிரிந்த கிராம சேவகர், எழுதினபடி நடத்துங்க எண்டார்.

ஓட்டுப் போடுற விதம் சொல்றன், நீங்களும் பழகுங்க. ஆளுக்கு ஒரு சிப்பி, ஒரு புளியங்கொட்டை. புளியங்கொட்டை எண்டா தனிச் சங்கம், சிப்பி எண்டா ஒரே சங்கம். சீலை மறைப்புக்குப் பின்னால போய், வேணுமெண்டதைப் பானையில போட்டுட்டு, மற்றதைச் சாக்குக்குள்ள எறிய வேணும். எழுத்துத் தேவையில்ல.

முதல் ஆள் உள்ள போனா. "டங்!" அலுமினியப் பானை. ஊருக்கே கேட்டுது, சிப்பி எண்டு.

"ஐயோ, நான் போட்டதக் காட்டிக் குடுத்திட்டே!" எண்டு கத்திக்கொண்டு வெளிய ஓடி வந்தா அவ. கரை ஆள்தான். ஆம்பிளையள் விசிலடிச்சாங்க. உடன தவமணி அக்கா நிப்பாட்டினா. தனக்கு எதிரா விழுந்த ஓட்டெண்டு பாக்கல்ல. "சத்தம் கேட்டா பயந்து போடுவாளுகள். பானையில மணல் போடுங்கடா. அவ திரும்பப் போடட்டும்." சுதன் ஓடிப்போய்க் கடற்கரை மணலை அள்ளிக் கொட்டினான். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்ல.

பதினொண்டுக்குத் தொடங்கி ஒண்டரைக்கு முடிஞ்சுது. கரையில மூண்டு பேர் வரல்ல, மொத்தம் தொண்ணூறு. பானையைப் பாயில கொட்டிச் சுளகால புடைச்சு மணலைப் போக்கினாங்க. கரை ஆள் ஒருத்தரும் சுதனும் சேந்து எண்ணினாங்க. சிப்பி முப்பத்திநாலு. புளியங்கொட்டை அம்பத்தாறு.

திட்டத்தில மொத்தமே நாப்பத்தொண்டு. கணக்குப் பாருங்க. கரையில பதினஞ்சு பொம்பிளையள், நீங்க போங்க எண்டு போட்டிரிக்காங்க. தலைவர் நினைச்சது கரை வேற திட்டம் வேற எண்டு. அது ஆம்பிளைக் கணக்கு. பொம்பிளையளுக்கு அக்கா கரையில, தங்கச்சி திட்டத்தில. கடல் பிரிச்சது வீட்டைத்தான்.

பொடியன்மார் தவமணி அக்காவைத் தூக்கப் பாத்தாங்க, "விடுங்கடா, நான் என்ன தோணியா?" எண்டு அடிச்சா. மறுகா அவவே சீலைத் தலைப்பில முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. அழுகையா சிரிப்பா எண்டு தெரியல்ல. நான் தொண்டை கட்டக் கத்தினன், எனக்கு அங்க ஒரு ஓட்டும் இல்ல.

தலைவர் திரும்ப எண்ணச் சொன்னார். ராசம்மா அக்கா சுளகை வாங்கி, தானே ஒவ்வொண்டா எண்ணினா. அதே அம்பத்தாறு.

"நீ எதுகா போட்டாய்?" எண்டு தலைவர் எல்லாருக்கும் முன்னால கேட்டார்.

"அதுக்குத்தானே மணல் போட்டது," எண்டா அவ.

போறவங்களுக்குச் சில விசயம். ஐடென்டி இல்லாம வெளிக்கிட வேணாம். கடைசி பஸ் மூண்டரைக்கு, அதை விட்டா விடியும்வரைக்கும் இல்ல. தங்கிற இடம் இல்ல, தெரிஞ்ச வீடு வேணும். தண்ணி கொண்டு போங்க, கிணறு சுனாமிக்குப் பிறகு இன்னும் உப்பு. போய்வரச் செலவு இருநூத்திப்பத்து ரூபா, வாழைச்சேனையில மீன் வைச்ச மாலு பணிஸ் ரெண்டும் சேத்து இருநூத்தம்பது.

நான் பஸ்ஸை விட்டுட்டு சுதன்ட வீட்டில படுத்தன். விடிய அஞ்சு மணிக்குக் கரைக்குப் போனம். புதுச் சங்கத்தைப் பதிய இன்னும் ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் கடிதம் தலைவர்ட கையாலதான். அவர் மேசையில கடிதத்தைக் கரைக்கு ஒண்டு, திட்டத்துக்கு ஒண்டெண்டு ரெண்டு கட்டா வைச்சிரிந்தார். ஒரு கட்டிலயும் ஒரு கட்டிலயும் மாறி மாறி எடுத்துக் குடுத்தார், ஒருத்தரையும் நிமிந்து பாக்கல்ல. தவமணி அக்காட தோணி ரெண்டாவதா இறங்கிச்சு.

எங்கட ஆக்களிட்ட வாக்கெடுப்பு வைக்க ஏலாது, நேரம் சரியில்ல, நிலைமை சரியில்ல எண்டு இருவது வருசமாச் சொன்னாங்க. ஒரு பானை, ஒரு சாக்கு, ஒரு சீலை, ரெண்டு கை மணல். ரெண்டரை மணித்தியாலம் போதும்.