மகேசனைக் கொடுத்த மேலாளர்

மவுண்ட் ரோஸ்கில் தமிழ் ஹாக்கி அணிக்கு மேலாளராக எவரும் முன்வராதபோதுதான் புஷ்பவதி அந்தப் பொறுப்பை ஏற்றாள். அணியைத் தொடங்கியவன் அவள் கணவன் மகேசன். பின்வரிசையில் நின்று ஆடுபவன். அவள் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் மைதான ஓரத்தில் மழைக்கோட்டோடு நின்று, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டலை மறைக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே ஆட்டம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் தமிழ் அணிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பருவம் தொடங்குமுன் மண்டபத்தில் கூடி, ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. தன் முறையை இன்னொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அங்குள்ள தேர்ந்த ஆட்டக்காரரை வாங்கவும் செய்யலாம். முகம் தெரியாத பையன்களை நம்பப் பயந்து புஷ்பவதி வருடா வருடம் அப்படித்தான் வாங்கினாள். போன வருடம் வாங்கிய பிரதாபன், பிரிஸ்பேனில் வேலை கிடைத்துப் பாதிப் பருவத்திலேயே போய்விட்டான். மற்றவர்களுக்கு முழங்கால் போயிற்று. கடைசி ஆட்டத்தில் ஒன்பது பேர்தான் இறங்கினார்கள். இன்னொரு வருடம் இப்படியே போனால் அணியைக் கலைக்க வேண்டியதுதான்.

இந்த முறை முதல் தேர்வு, போன பருவத்தில் கடைசியாக வந்த தகனினி வட்டார அணியிடம் இருந்தது. அதன் மேலாளர் ராகேஷ் போன் செய்தான்.

"அக்கா, எங்க டீம்ல எல்லாம் சின்னப் பசங்க. பின்னால நின்னு கத்துறதுக்கு ஒரு ஆள் வேணும். மகேசன் அண்ணனைக் குடுங்க, எங்க முறையை நீங்க எடுத்துக்குங்க."

முதல் முறை கிடைத்தால் வெற்றி என்ற பையனை எடுக்கலாம். கோவில்பட்டியில் ஆடிப் பழகியவன், வந்து சில மாதங்கள்தான். அவன் பந்தைக் கொண்டுபோகும் விதத்தை அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருந்தாள்.

மாலையில் மகேசன் முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த ரீமைத் தொடங்கினது நான்," என்றான்.

"ஓம். அது நிண்டு போகக்கூடாதெண்டுதான் கேக்கிறன்."

"நீர் கேக்கேல்லை. முடிவெடுத்திட்டுச் சொல்லுறீர்."

அவள் மறுக்கவில்லை.

"அந்தப் பெடியனும் நாளைக்கு பிரிஸ்பேனுக்குப் போனால்?"

"போகலாம். நீங்கள் இன்னும் எத்தினை வருசம் ஓடுவியள், சொல்லுங்கோ."

அவன் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினான்.

பருவத்துக்கு முன் எல்லா அணிகளும் மண்டபத்தில் கூடின. கூட்டத்தில் பேச அவளுக்கு வாய் வராது. வழக்கமாக மகேசன்தான் அவளுக்காக எழுந்து சொல்வான். இந்த முறை அவனிடம் கேட்க முடியாது. எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட மகேசனை தகனினிக்குக் குடுக்கிறம். அவையின்ர முறையில வெற்றியை எடுக்கிறம்."

"சமையலும் சேத்தோ அக்கா?" என்றான் அவள் அணியின் கௌசிகன். மண்டபம் சிரித்தது. மகேசன் சிரிக்கவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ராகேஷ் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போது காரில் மகேசன் கேட்டான்.

"அவையளுக்கு எப்ப பிராக்டிஸ்?"

"உங்கட மனேஜரைக் கேளுங்கோ."

சிக்னலில் கார் நின்றது. மகேசன் சாலையைப் பார்த்தபடியே இருந்தான்.

"இந்த முழங்காலோட ஆட்டத்தில இடப்பக்கம் திரும்ப எனக்கு ஏலாது. நாங்கள் எதிரெதிரா ஆடேக்க அதை அந்தப் பெடியனுக்குச் சொல்லப்போறீரோ?"

"சொல்லத்தான் வேணும்," என்றாள் புஷ்பவதி.