சீன மறையும் சிவப்பு அரளியும்

கீழ்வேளூரில் உட்கார்ந்துகொண்டு சீன மறைநூலைத் தமிழாக்குகிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். எனக்குச் சீனமும் அரைகுறை. மூன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளும் ஓர் அகராதியும்தான் துணை. கோடுகள் போட்டுக் குறி கேட்கும் மிகப் பழைய நூல் அது. அதில் ஆற்றைக் கடப்பது பற்றிய ஒரு வரி இரண்டு மாதமாக என்னை நகரவிடவில்லை. ஒருவர் அதைப் படையெடுப்பு என்கிறார், இன்னொருவர் திருமணம் என்கிறார், மூன்றாமவர் மனப்பக்குவம் என்கிறார். மூவரும் பெரிய படிப்பாளிகள். எரிச்சல்தான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு இதய வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். அவளோ, "மாரியம்மன்கிட்ட பூப்போட்டுக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். நந்தியாவட்டையை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்துப் பூசாரி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. கேள்வியை மனதுக்குள்தான் கேட்க வேண்டும். அவள் கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"இன்னொரு தடவ போடுங்க" என்று கத்தினேன்.

"ஒரு விஷயத்துக்கு ஒரு தடவதாங்க. மறுபடி கேட்டா ஆத்தாவ நம்பலன்னு ஆயிடும்" என்றார் பூசாரி.

இதே கண்டிப்பு அந்தச் சீன நூலிலும் உண்டு. போன மாதம்தான் ரசித்து ரசித்து மொழிபெயர்த்திருந்தேன். அன்று ரசிக்க முடியவில்லை.

வாய்க்கால் ஓரமாகத் திரும்பும்போது கெஞ்சினேன். "ஒரு பூவுக்காக ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லாத."

அவள் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யாரு வேண்டாம்னா? நான் என்ன, ஆபரேஷன் பண்ணிக்கவான்னா கேட்டேன்?"

"பின்ன என்ன கேட்ட?"

"அதுல உங்கள விட்டுட்டுப் போயிடுவனான்னு கேட்டேன். இல்லன்னுட்டா ஆத்தா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று பண்டிதர்களும் நானும் இத்தனை நாளும் பதிலையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம். எந்தக் காலத்திலோ, ஏதோ ஓர் ஆற்றங்கரையில் ஒருவர் பயந்துபோய் எதையோ கேட்டிருக்கிறார். பதில் மட்டும் அத்தனை நூற்றாண்டுகளைத் தாண்டி என் மேசைக்கு வந்திருக்கிறது. கேள்வி அவரோடு போய்விட்டது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் நோட்டைத் திறந்து மூன்று விளக்கங்களையும் அடித்தேன். வரியை மட்டும் எழுதி, மேலே கேள்விக்கென்று கொஞ்சம் இடம் விட்டேன்.

மறுநாள் கண் விழித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாந்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள்.