வீட்டை விட்டு வந்தது யார்?

என் கணவருக்கு மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் கணக்கு வேலை. அங்கே டைப் அடிக்கும் ஒருத்தியைத் தினமும் சாயங்காலம் படகுத்துறை வரை கொண்டுவிடுகிறார் என்று தெரிந்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலக்காட்டுக்குப் பிறந்தகம் வந்துவிட்டேன். வந்து கூப்பிடுவார் என்று ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். வரவே இல்லை.

பொறுக்காமல் ஒரு வக்கீலிடம் போனேன். "என்னைக் கைவிட்டுவிட்டார். சீக்கிரம் விவாகரத்து வாங்கித் தாருங்கள்" என்றேன்.

"வீட்டை விட்டு வந்தது யாரம்மா?"

"நான்தான்."

"அந்தப் பெண் விஷயத்துக்குச் சாட்சி உண்டா?"

"இல்லை."

"அப்படியென்றால் கைவிட்டது நீ என்றாகிவிடும். இரண்டு வருஷம் முடிந்ததும் பிரிவு கேட்டு அவரே மனுப் போடலாம்."

என் அடுக்களையில் அவள் நின்று சாயா போடுவதுபோலத் தோன்றியது. மறுநாளே குழந்தையோடு ரயிலேறி, படகு பிடித்து, வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எதுக்கு வந்தே?" என்றார்.

"என் ஆத்துக்கு வர ஆரைக் கேக்கணும்?" என்று உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.

அவள் இன்னும் அதே மண்டியில்தான் இருக்கிறாள். எனக்கும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் இப்போது எவ்வளவு கோபம் வந்தாலும் பெட்டியைத் தொடுவதில்லை. வீட்டுக்குள் நின்றே சண்டை போடுகிறேன். சாயங்காலமானால் குழந்தையோடு மண்டி வாசலுக்குப் போய், அவரை நானே கூட்டிவருகிறேன்.