என் பங்குக் கடல்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது அப்பா எங்களைத் திமிங்கிலம் பார்க்க அழைத்துப் போனார். ஹைதராபாத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு இப்படி ஓர் ஆசை வருவது கொஞ்சம் விசித்திரம்தான். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைக் கண்ணில் காண ஓர் இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மௌலா அலியில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் தர்கா இருக்கும் குன்றும், வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும், ரயில்வே தண்டவாளமும்தான் தெரியும். அதற்கு மேல் பார்க்க எங்களுக்கு எதுவும் கிடையாது.

அப்பா திருநெல்வேலிக்காரர். மல்லாபூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைசல் முடிந்து வரும் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் இருந்தால் சிவப்புக் கூடையிலும் இல்லாவிட்டால் பச்சைக் கூடையிலும் போட வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. டம்ளரைக் கொடுத்தால் முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், பிறகுதான் காப்பி. “என்னையும் இப்படித்தான் ஜன்னலோரம் நிக்க வச்சுப் பாத்தாரு. எப்படியோ பச்சைக் கூடைல விழுந்துட்டேன்” என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அந்த அப்பாவுக்குத்தான் கண்ணில் கோளாறு வந்தது. பார்ப்பதன் நடுவில் ஏதோ எண்ணெய்க் கறை பட்டதுபோல மங்குகிறது என்றார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். நான்காவது முறை போனபோது சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை தடையில்லாமல் படித்தாராம். டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. அந்த அட்டை அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. தான் கண்ணால் படித்தோமா, ஞாபகத்திலிருந்து ஒப்பித்தோமா என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். “யாரும் முன்னாடி சொல்லித் தராத ஒண்ண, தூரத்துல, நானா பாக்கணும். நான் பாத்தத இன்னொரு ஆளும் பாத்தேன்னு சொல்லணும். அப்படின்னா அந்த இன்ஸ்பெக்‌ஷன் சீட்டுல உக்காருதேன். இல்லன்னா எழுதிக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துருதேன்.” யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் திருகோணமலைப் பாறை மேல் நின்றபடியே திமிங்கிலம் பார்க்கலாம் என்று வந்திருந்தது. அம்மாவுக்குப் படகு என்றாலே குமட்டும், ஆகவே அது வசதியாகவும் போயிற்று. இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. முன்கூட்டியே இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் காலனி மைதானத்தில் கோடை விடுமுறை ஸ்கேட்டிங் வகுப்பின் கடைசிப் பந்தயம் அந்த ஞாயிற்றுக்கிழமை. முட்டி இரண்டும் பெயர்ந்துபோக ஒரு மாதம் பழகியிருந்தேன். “நேனு ரானு, மீரு வெள்ளண்டி” என்று கத்தினேன். நான் வரவில்லை, நீங்கள் போய்க்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வீட்டில் அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்லுவேன். தமிழ் முழுக்கப் புரியும். பேச மட்டும் வாய் வராது, வந்தாலும் வெட்கம். அப்பாவுக்கு அது உள்ளூர வருத்தம். வருத்தத்தைக் கேலியாக்கிவிடுவது அவர் வழக்கம். அன்று கேலிகூடச் செய்யாமல் டிக்கெட்டைக் காட்டினார்.

சென்னை, கொழும்பு, பிறகு ஒரு நாள் முழுக்கப் பஸ். வழியெல்லாம் நான் யாரோடும் பேசவில்லை. மறுநாள் விடியும்போது திருகோணமலைக் கோட்டை வாசலில் எங்களுக்காக ஒரு பெண் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை, விடுமுறை நாட்களில் வருகிறவர்களுக்குத் திமிங்கிலம் காட்டுவார். எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். “வாங்கோ, வாங்கோ. கச்சான் காத்து எழும்ப முன்னம் போவம். காத்து எழும்பினால் கடல் முழுக்க வெள்ளை நுரை, பிறகு ஒண்டும் பிடிபடாது” என்று முன்னால் நடந்தார். கோட்டைக்குள் புள்ளிமான்கள் நாய்கள் மாதிரிச் சாதாரணமாகத் திரிந்தன. பாறையின் உச்சியில் கோயில், அதற்குச் சற்றுக் கீழே ஒரு கைப்பிடிச் சுவர். சுவருக்கு அப்பால் பூமியே இல்லை, ஒரேயடியாகக் கடல்.

டீச்சரின் வேலை முறை எனக்கு இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. கைப்பிடிச் சுவரின்மேல் நான்கு கூழாங்கற்களை இடைவெளி விட்டு வைத்தார். இரண்டு கற்களுக்கு நடுவில் தெரியும் கடல் ஒருவர் பங்கு. இடது பங்கு அம்மாவுக்கு, நடு அப்பாவுக்கு, வலது எனக்கு. “உங்கட பங்கை மட்டும் பாருங்கோ. எல்லாக் கடலையும் பாக்கிற ஆள் ஒண்டையும் காணமாட்டார்.” திமிங்கிலத்தைத் தேடக் கூடாதாம், அதன் மூச்சைத் தேட வேண்டுமாம். தண்ணீருக்கு மேல் வெள்ளையாக நிமிர்ந்து எழும், சில விநாடியில் கலைந்துவிடும். கண்டதும் கத்த வேண்டும். அவர் நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு வருஷ முடிவில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் போகும் என்பதால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவர் மட்டும் கண்டால் கணக்கில்லை. பக்கத்துப் பங்குக்காரரும் கண்டிருந்தால்தான் அது திமிங்கிலம்.

அதோடு அவர் என்னிடம், “பிள்ளை, நீங்கள் இதில நில்லுங்கோ” என்றார். என்னை யாரும் அதுவரை ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. கோபம் எல்லாம் மறந்துபோய், முதுகை நிமிர்த்திக்கொண்டு என் பங்கைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். என் பங்கில் தண்ணீர் வெள்ளையாகத் தெறித்தது. “அதிகோ! அதிகோ!” என்று குதித்தேன். டீச்சருக்குத் தெலுங்கு புரியவில்லை, ஆனால் விரல் புரிந்தது. நேரத்தை எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணைச் சுருக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

“அது படகுல்லா! வலை இழுக்கான். டீச்சர், எங்க வீட்டுப் பிள்ளைக்குத் தமிழும் தெரியாது, திமிங்கிலமும் தெரியாது. அசல் ஹைதராபாத் சரக்கு!”

கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று சிரித்தது. அதில் என் வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. “பரவாயில்லை பிள்ளை, கண்டதைச் சொன்னீங்கள், அதுதான் வேணும்” என்றார். ஆனாலும் நோட்டில் எழுதியிருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு என் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது. அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு தூரத்தில் இருந்தது படகு என்று தன் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஊரார் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு அப்பா.

அம்மா கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று கிளம்பினாள். டீச்சர் அவளுக்கு வழி காட்ட நாலு எட்டு மேலே போனார். சுவரோரம் நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். அப்போதுதான் அது வந்தது.

அவர் பங்குக்கும் என் பங்குக்கும் எல்லையாக இருந்த கல்லுக்கு நேரே, வெகுதூரத்தில், குக்கர் விசில் அடிக்கும்போது எழும் ஆவி மாதிரி வெள்ளையாக ஒன்று நேராக எழுந்து நின்றது. காற்றில் சாய்ந்து கலைந்தது. அதன் அடியில் கறுப்பாக ஒரு முதுகு, முடிவே இல்லாதது போல, மெல்ல உருண்டு உள்ளே போனது. நான் பார்த்தேன். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

“டீச்சர்! அந்தா, மூச்சு! அங்கன!” அப்பாவின் குரல் உடைந்திருந்தது. டீச்சர் ஓடி வந்தார். அதற்குள் கடல் வெறும் கடலாகிவிட்டிருந்தது. எவ்வளவு உயரம், சாய்ந்ததா நிமிர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பா சொன்னதெல்லாம் நான் பார்த்ததேதான். பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீங்கள் கண்டனீங்களோ?”

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல. நான் பாக்கல” என்றேன். என் வாழ்க்கையில் வெளியாள் ஒருவரிடம் நான் பிசிறில்லாமல் பேசிய முதல் தமிழ் அது.

டீச்சர் பென்சிலைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். “அப்பா காட்டுற இடம் உங்கட பங்கோட எல்லைதானே. ஒண்டும் தெரியேல்லையோ?”

“ஒண்ணும் தெரியல.”

அது மறுபடி மேலே வரும் என்று இருபது நிமிஷம் எல்லாரும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. கச்சான் எழும்பிவிட்டது. கடல் முழுக்க ஆயிரம் வெள்ளைகள், எது எதுவென்று தெரியவில்லை. டீச்சர் அப்பா சொல்லி எழுதியதன்மேலும் ஒரு கோடு இழுத்து நோட்டை மூடினார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான், “சில வேளை கண் அப்பிடிக் காட்டும், ஐயா” என்றார்.

“ஆமா” என்றார் அப்பா. “காட்டும்.”

பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் எனக்காகக் குனிந்து பேசுகிற ஆள் இல்லை. “நெசமாவே பாக்கலையாட்டி?” என்று மெதுவாகக் கேட்டார். குரலில் கோபம் துளிகூட இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. நோட்டில் தன் பேர் ஏற வேண்டும் என்பதற்காகக் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன், இல்லை என்று. ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருப்பதில்தான் எனக்கு அன்று அவ்வளவு ருசி.

ஊர் திரும்பி ஒரு மாதத்தில் அப்பா இன்ஸ்பெக்‌ஷன் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பச்சைக் கூடையில் போட்ட துண்டு ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை என்று மேலாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கேட்கவில்லை. அதே தொழிற்சாலையின் வாசல் பக்கம் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை விசாரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளம் குறைந்தது. ஸ்கூட்டரை விற்றார். டம்ளரை வெளிச்சத்தில் பிடிப்பதும் நின்றது, கொடுத்ததைக் குடித்தார். கண் நிஜமாகவே கைவிட அதன்பிறகு ஆறேழு வருஷம் ஆயிற்று. அந்த ஆறேழு வருஷமும் பார்க்க முடிந்த ஒரு மனிதர், பார்க்க முடியாதவர் போல வாழ்ந்தார்.

அமீர்பேட்டில் நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, அப்பா ஏன் அந்த வேலையை விட்டார் என்று சும்மா கேட்டேன். அம்மா எழுத்து அட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். “அங்க போயி இல்லாத திமிங்கிலம் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுது பாத்தியா, அதோட மனசு விட்டுட்டாரு” என்று முடித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயம் எதுவென்றால், அவர் என்னைத் திட்டமாட்டார் என்பதுதான். இன்றுவரை சொல்லவில்லை.

அன்று பாறையை விட்டு இறங்கும்போது அம்மாவும் டீச்சரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். படிக்கட்டுகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குகிறவர் அப்பா. அன்று என் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. தோற்றுப்போய்ச் சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்தேன், பெருமையாகக்கூட இருந்தது. நான் இறங்கினால் இறங்கினார், நின்றால் நின்றார்.

“கீழ இன்னும் எத்தன படி இருக்குட்டி?” என்று கேட்டார்.

நல்ல வெயில். படிகள் கண்ணெதிரே பளிச்சென்று கிடந்தன. இதை எதற்கு என்னிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எண்ணிப் பார்த்து, ஒன்பது என்றேன். நான் சொன்னதை அப்படியே நம்பி அவர் காலை எடுத்து வைத்தார்.