தண்ணீர் ஊற்றிய காலை

மருமகள் நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள். அந்த வாசனை பட்டதும் இந்த வயதிலும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து அணைக்கட்டில் நீந்திப் பழகிய என்னைக் கண்டியில் நடக்கும் நீச்சல் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போட்டிக்கு முந்தின நாள் வயதுக்கு வந்துவிட்டேன். எங்கள் லயத்து வரிசை வீட்டின் மூலையில் படங்குச் சாக்கைத் திரையாகக் கட்டி, என்னை உள்ளே உட்கார வைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்தார்கள்.

"அப்பா, நாளைக்கு மட்டும் விடுங்கப்பா! நீந்திட்டு வந்து எத்தன நாளுன்னாலும் குந்தியிருக்கேன்," என்று கதறினேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினார். தினமும் அணைக்கட்டுக் கரையில் என் துண்டோடு காத்து நின்றவர் அவர்.

"தீட்டோட தண்ணியில எறங்கக் கூடாது புள்ள."

மறுநாள் காலை, கண்டியில் விசில் ஊதியிருக்கும் நேரத்தில், அத்தை என்னை மணையில் உட்கார வைத்துத் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கண்ணை இறுக மூடி மூச்சைப் பிடித்தேன். கைகள் தாமாகவே வீசத் தொடங்கின.

"கைய ஆட்டாத புள்ள, தண்ணி எல்லாம் சிந்துது," என்று அத்தை அதட்டினார்.

குடம் காலியாகும்வரை நான் நிறுத்தவில்லை.